விரதம் இருக்கற வயிறும் நம்ம எதிர்ப்பு சக்தியும்



போன வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தேன். எப்படி இருந்தேன்னு கேட்டா சிரிப்பீங்க. பகல் முழுக்க காபி. ராத்திரி அடையாறு ரூமுக்கு வந்ததும் சிப்ஸ், பிஸ்கட். ஏழாம் நாள் திருக்கல்யாணம் பார்த்துட்டு மயிலாப்பூர்லேர்ந்து திரும்பும்போதே போன்ல பரோட்டா ஆர்டர். அடுத்த வாரமே காய்ச்சல், சளி. அந்த வருஷத்துல அது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் டாக்டரைப் பார்க்காம நானே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

கடைசியா ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவர் முதல்ல கேட்டது, "தினமும் என்ன சாப்பிடறீங்க?" சளிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் உட்கார்ந்து படிச்சதைத்தான் இங்க பாடமா எழுதறேன்.

*குடல்தான் பயிற்சிக் களம்*

நம்ம குடல் சுவரை ஒட்டி எதிர்ப்பு சக்தி செல்கள் நிறைய இருக்கு. தினமும் வெளிப்பொருள் அதிகமா உள்ளே வர்ற வழி அதுதானே! அதோட, நம்ம உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குன்னு 2016ல ஒரு கணக்கு வெளியாச்சு. நம்ம சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். அந்த பாக்டீரியாவுல பெரும்பாலானவை பெருங்குடல்ல குடியிருக்கு.

இதுல எதை அடிக்கணும், எதை விடணும்? எல்லாத்தையும் அடிச்சா நம்ம குடலே புண்ணாகும். எதையும் அடிக்கலேன்னா நோய் வரும். சூரனை அழிக்காம மயிலாவும் சேவலாவும் தன்கூட வச்சுக்கிட்டாரே நம்ம முருகன், கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். நல்ல எதிர்ப்பு சக்திக்குப் பலம் மட்டும் போதாது, நிதானமும் வேணும்.

அந்த நிதானத்துக்கு உதவறது நார்ச்சத்து. அதை நம்மால செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வச்சு ப்யூட்டிரேட் மாதிரியான அமிலங்களா மாத்தும். குடல் சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். 'போதும், சண்டையை நிறுத்து'ன்னு சொல்ற செல்கள் வளரவும் அது உதவுது. நார்ச்சத்தே கொடுக்காம வளர்த்த எலிகள்ல, பாக்டீரியா குடலைக் காக்கற வழவழப்புப் படலத்தையே தின்ன ஆரம்பிச்சதா ஆய்வு சொல்லுது. நான் சிப்ஸ்ல ஓட்டின ஆறு நாள் ஞாபகம் வந்தது.

ஆன்டிபயாடிக் கதை இன்னும் மோசம். வைரஸால வர்ற சளிக்கு அது வேலையே செய்யாது. ஆனா குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

*நம்ம ஊர் பழைய சோறு*

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில, குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும்னு ஆய்வு எடுத்திருக்காங்க. எதிர்ப்பு சக்தியே திரும்பிக் குடலைத் தாக்கற அழற்சி நோயும் அதுல ஒண்ணு. ஏன் பழைய சோறு? சோறு ஆறும்போது அதுல ஒரு பகுதி மாவுச்சத்து செரிக்காத வகையா மாறி, பெருங்குடல் வரை போய் பாக்டீரியாவுக்கு உணவாகுது. ராத்திரி தண்ணியில ஊறும்போது, தயிர்ல இருக்கற மாதிரி லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகுது.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டது. ஆரோக்கியமான 36 பேர், 10 வாரம். தயிர் மாதிரி புளிச்ச உணவு நிறைய சாப்பிட்டவங்களுக்குக் குடல் பாக்டீரியாவோட வகைகள் கூடுச்சு, ரத்தத்துல அழற்சியைக் காட்டற 19 புரதங்கள் குறைஞ்சது. சின்ன ஆய்வுதான், ஆனா திசை புரியுது.

*நாம என்ன செய்யலாம்?*

1. விரத நாள்ல காபியை மட்டும் நம்பாதீங்க. தண்ணி, மோர், வாழைப்பழம், பால். ஒருவேளை உணவுன்னா அதுல காய், பயறு இருக்கட்டும்.

2. விரதம் முடிக்கும்போது பரோட்டாவுல ஆரம்பிக்காதீங்க. ரசம் சாதம், தயிர் சாதம், கீரை போதும்.

3. பழையது விரதத்துக்கு ஆகாது. மத்த நாள் காலையில சாப்பிடலாம். சோறு ஆறினதும் நல்ல தண்ணி ஊத்தி, மூழ்கி இருக்கற மாதிரி மூடி வைங்க. சென்னை வெயிலுக்கு ஒரு ராத்திரி போதும். பிசுபிசுப்போ கெட்ட வாடையோ வந்தா கொட்டிடுங்க.

4. டாக்டர் எழுதாம ஆன்டிபயாடிக் வேண்டாம். எழுதிக் கொடுத்தா பாதியில நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை இருக்கறவங்க, கர்ப்பிணிகள், குடல் நோய்க்கு மருந்து சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு விரதம் இருங்க. பழைய சோறு மருந்துக்கு மாற்று கிடையாது.

இப்ப எனக்கு சளியே வர்றதில்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆள் அனுபவம் ஆய்வு ஆகாது. ஆனா நானா மாத்திரை போடறதை நிறுத்திட்டேன். போன மாசம் அம்மாவுக்கு போன் பண்ணி, "பழையதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?"னு கேட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, "இத்தனை வருஷமா வேண்டாம்னு தள்ளி வச்சியேடா!"ன்னாங்க.

இந்த சஷ்டிக்கு வயித்தைப் பட்டினி மட்டும் போடாம, கவனிச்சும் பாருங்க. குரூப்ல விரதம் இருக்கற நண்பர்களுக்கும் அனுப்புங்க.

முருகா சரணம்!