அம்புக்குறி எந்தப் பக்கம்?

உணவுச் சங்கிலி வரையச் சொன்னால், என் ஐந்தாம் வகுப்பில் பலர் தவளையிலிருந்து வெட்டுக்கிளியை நோக்கி அம்புக்குறி போடுகிறார்கள். "தவளைதானே டீச்சர் பாய்ந்து பிடிக்குது?" என்பது அவர்கள் நியாயம். அம்புக்குறி காட்டுவது யார் யாரைப் பிடிக்கிறார் என்பதையல்ல, ஆற்றல் எங்கே போகிறது என்பதை. இதை விளக்குவதைவிட விளையாடிக் காட்டுவது எளிது.

நெல், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு என நால்வரை வரிசையாக நிறுத்துகிறேன். நெல்லிடம் 1000 புளியங்கொட்டைகள். (முந்தின நாளே நூறு நூறாகக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணுவதிலேயே பாடவேளை போய்விடும்.) நெல் 100 கொடுக்கும், வெட்டுக்கிளி 10, தவளை 1. மீதி மூச்சுவிடவும் நடமாடவும் செலவாகும், சிறிது கழிவாகவும் போகும். அடுத்த நிலைக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே சேரும் என்ற கருத்துக்கு அடித்தளமிட்டது லிண்டமன் 1942இல் வெளியிட்ட ஆய்வு. இது தோராயக் கணக்குதான். இடத்துக்கு இடம் மாறும்.

கொட்டை கைமாறும் திசையிலேயே தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போடச் சொல்கிறேன். யாரும் திருப்பிப் போடுவதில்லை. "பருந்து வந்தால் அதற்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டால், வயலில் வெட்டுக்கிளிகள் ஏராளமாகவும் பருந்து ஒன்றிரண்டாகவும் இருப்பது ஏன் என்பது பிடிபடுகிறது.

பிறகு தவளையை உட்காரச் சொல்கிறேன். வெட்டுக்கிளிக்குக் கொண்டாட்டம், நெல்லுக்குத் திண்டாட்டம். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்ததை இங்கே சொல்லலாம். பாம்பு பட்டினி என்று முடிக்கப்போனால், "சாரை எலியும் தின்னுமே!" என்று வயல்காட்டுப் பிள்ளை ஒருவர் எழுவார். அவரையே எலியாக நிறுத்திவிடுங்கள். உணவு வலை தொடங்கிவிடும்.