விளக்கத்தாளுக்குப் பொருந்தாத அலமாரி: பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: இணையத்தில் வாங்கிய மர அலமாரி பிரித்த பாகங்களாக வந்தது. விளக்கத்தாளில் உள்ள படத்துக்கும் பலகைகளில் உள்ள துளைகளுக்கும் பொருத்தமே இல்லை. ஸ்க்ரூக்களும் குறைகின்றன. பூட்டத் தெரியாததுதான் காரணம் என்று சொல்லி, விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கிறார். சட்டப்படி என்ன வழி?

பதில்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(10), தரத்தில் உள்ள குறையை மட்டுமல்லாமல் எண்ணிக்கை, அளவு ஆகியவற்றில் உள்ள குறையையும் ‘குறைபாடு’ என்றே வரையறுக்கிறது. விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது மட்டுமன்றி, சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதும் அதில் சேரும். வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டும் என்று விற்கப்படும் அலமாரியில், சரியான விளக்கத்தாள் இருக்க வேண்டும் என்பது அப்படி அடங்கியிருக்கும் நிபந்தனைதான். வேறொரு மாடலின் தாளை உள்ளே வைத்து அனுப்பியிருந்தால், பலகைகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பொருள் குறைபாடுள்ளதே. பூட்டித் தருவதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்து, அனுப்பப்பட்ட ஆள் அதைச் சரியாகச் செய்யவில்லை என்றால் அது தனியாகச் ‘சேவைக் குறைபாடு’ ஆகும்.

பாகங்கள் பொருந்தவில்லை என்று தெரிந்ததும் வேலையை நிறுத்திவிடுவது மிக முக்கியம். ஆசாரியை அழைத்துப் புதிதாகத் துளை போடுவதும், பலகையைச் சீவிப் பொருத்துவதும் வழக்கைக் கெடுத்துவிடும். பலகை வந்தபோதே அப்படி இருந்ததா, பிறகு மாற்றப்பட்டதா என்ற கேள்வி எழுந்தால் விற்பனையாளருக்கே அது சாதகம். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள், விளக்கத்தாளின் எல்லாப் பக்கங்கள், பலகைகளில் அச்சிட்ட எண்கள், துளைகளின் இடைவெளியை அளவு நாடா வைத்துக் காட்டும் படங்கள், பில் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். புகாரைத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப முடியும். ஆனால் துளைகள் பொருந்தாதது கண்ணுக்கே தெரியும் என்பதால், தெளிவான படங்கள் இருந்தால் பெரும்பாலும் அந்தத் தேவை எழாது.

மின்வணிக விதிகள், 2020-இன்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். கடையில் நேரில் வாங்கியவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை.

இதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். குறையை நீக்குதல், மாற்றுப் பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம்.

தவறான தாளைப் பார்த்துப் பூட்டிய அலமாரி சாய்ந்து குழந்தைக்கு அடிபட்டால் விஷயம் வேறு. தீங்கைத் தவிர்க்கப் போதிய பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராத தயாரிப்பாளர் பிரிவு 84-இன்படி பொறுப்பாவார். அலமாரி உடைந்த நஷ்டம் மட்டும் இந்தப் ‘பொருள் பொறுப்பு’ வழக்கில் வராது. அதைச் சாதாரணக் குறைபாட்டுப் புகாரில்தான் கேட்க வேண்டும். தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்கிறது பிரிவு 87.