ரிப்பன் மாளிகைப் படி ஏறாமலே...

சென்னையில் குடித்தனம் நடத்தினால் மாநகராட்சியில் ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டேதான் இருக்கும். எதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொண்டால் ஆட்டோ காசும் அரை நாள் லீவும் மிச்சம், தோழிகளே!

1. ஏப்ரல், அக்டோபர் மாத மளிகைப் பட்டியலில் முதல் வரியாக ‘சொத்து வரி’ என்று எழுதிவிடுங்கள். அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் (அதிகபட்சம் 5,000 ரூபாய்) ஊக்கத்தொகை உண்டு. 3,000 ரூபாய் வரி என்றால் 150 ரூபாய் நம் கையிலேயே நிற்கும். அரையாண்டு கடந்தும் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும்.

2. வரி பில்லில் மண்டலம், வட்டம், பில் எண் என்று வரிசையாக இருக்கும். அதை ஒரு சீட்டில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய பைல்களைக் குடைய வேண்டாம்.

3. மாநகராட்சியின் புகார் எண் 1913. அதன் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறந்த வருடமும் அதுவேதான், பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தால் மறக்கவே மறக்காது. போனில் பேச நேரமில்லாதவர்களுக்கு 94450 61913 என்ற வாட்ஸ்அப் எண்ணும், ‘நம்ம சென்னை’ செயலியும் இருக்கின்றன.

4. நிறையப் பேர் நேரத்தைத் தொலைப்பது இதில்தான். மழைநீர் வடிகால் அடைத்தால் மாநகராட்சி, எண் 1913. சாக்கடை மூடி வழியாகக் கழிவுநீர் பொங்கினாலோ, குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தாலோ குடிநீர் வாரியம், எண் 1916. தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சி. வீட்டிலேயே கரண்ட் இல்லையென்றால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’, 94987 94987. இந்த மூன்று எண்களையும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டால் ‘அது எங்க வேலை இல்லீங்க’ என்ற பதிலைக் கேட்கவே வேண்டியிருக்காது.

5. தெருவிளக்குப் புகாரில் ‘பிள்ளையார் கோயில் பக்கத்துல’ என்று சொன்னால் ஊரில் எத்தனை பிள்ளையார் கோயில்! கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பகலிலேயே பார்த்துக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். வருகிறவர் நேரே வந்து சரிசெய்துவிட்டுப் போவார்.

6. உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி எல்லாவற்றையும் தடித்த அட்டையில் சுற்றி, மேலே பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். நம் குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளருக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. பால் கவரை அலசிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்தால் வீட்டுத் தொட்டியும் நாறாது.

7. பழைய மெத்தை, கால் ஒடிந்த சோபாவை ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனையில் தள்ளாதீர்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் மாநகராட்சி வண்டியே வந்து எடுத்துப்போகும். வீடு வெள்ளையடிக்கும் முன்பு பதிவு செய்துவிட்டால் வேலை நடக்கவும் இடம் கிடைக்கும்.

8. பிறப்பு 21 நாட்களுக்குள் பதிவாகிவிட வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் எழுதும்போதே அப்பா, அம்மா பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்னால் திருத்துவதுதான் பெரிய அலைச்சல். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் அதுவும் இலவசம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூலில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால், மாநகராட்சி இணையதளத்தில் காசில்லாமல் இறக்கி, போனிலும் ஒரு பிரதி வையுங்கள்.

9. நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஊசி இலவசம், ஆனால் ஒரு தவணையைக்கூட விடக் கூடாது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் தடுப்பூசிச் சான்றோடு மாநகராட்சி உரிமமும் எடுத்துவையுங்கள்.

10. கேஸ் தீர்ந்த காலைக்கு அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சில்லறை கொண்டுபோங்கள்.

11. புகார் கொடுத்ததும் வரும் எண்ணை அழிக்காதீர்கள். வேலை முடியாமலே ‘முடிந்தது’ என்று செய்தி வந்தால், அதே எண்ணைச் சொல்லி அன்றைக்கே கூப்பிடுங்கள். செல்போனில் தேதியோடு எடுத்த படம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

12. தெரு முழுக்க உள்ள குறைக்குத் தனித்தனியாக அலைவதைவிட, பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே மனுவை வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். மழைநீர் வடிகால், மரக்கிளை சம்பந்தப்பட்டது என்றால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழை பிடித்த பிறகு ஆளும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது.