ஓடும் பேச்சைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: பார்வையற்ற என் நண்பர் கைபேசியின் திரைவாசிப்பானைத் தலைதெறிக்கும் வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பழகினால் வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வரும், மெல்ல மெல்லத்தான். இந்த வேகப் பேச்சுக்கு ஒரு முன்கதை உண்டு. அந்தக் காலத்து ஒலிநாடாவை (டேப்) வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகிவிடும். 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஃபேர்பேங்க்ஸ் குழுவினர், ஒலியின் நுண்துண்டுகளை வெட்டியெறிந்து மிச்சத்தை ஒட்டும் கருவி செய்தார்கள். வேகம் கூடியது, சுருதி மாறவில்லை. பிறகு அதே நாட்டின் லூயிவில் நகரில் எமர்சன் ஃபௌல்க் என்ற ஆய்வாளர் இந்த முறையைப் பார்வையற்றோருக்காக ஆராய்ந்தார். அவர் கண்டபடி, நிமிடத்துக்குச் சுமார் 275 சொற்களைத் தாண்டினால் புரிதல் மளமளவென்று சரிகிறது. சொல் காதில் விழும். மனம் செரிக்கத்தான் அவகாசமிராது. உங்கள் நண்பர் பழகிப் பழகி அந்த வரம்பைக் கடந்தவர். நீங்கள் தெரிந்த கதையொன்றை, மனிதக் குரலில், 1.25 மடங்கு வேகத்தில் தொடங்குங்கள். அலுத்ததும் சற்றே கூட்டுங்கள். இயந்திரக் குரல் பிறகு. (கச்சேரியை மட்டும் இப்படிக் கேட்டுவிடாதீர்கள்!)