கை ஓயட்டும், கால் வேலை பார்க்கட்டும்!

ஒரு கை மைக் பட்டனில், மறு கை டயலில் இருந்தால் லாக் எழுதுவது எப்படி? ஹாம் நிலையத்தில் ஹெட்செட்டோ மேசை மைக்கோ இருந்தால், பிடிடி (பேசும்போது அழுத்தும் பட்டன்) வேலையைக் கால் சுவிட்சிடம் விடுங்கள். வீட்டிலேயே செய்யலாம்.

1. காலிங் பெல் சுவிட்ச் வாங்குங்கள். காலை எடுத்ததும் தானே விட்டுக்கொள்ளும். விளக்கு சுவிட்ச் என்றால் ரேடியோ அனுப்பிக்கொண்டே இருக்கும்.

2. பாத அளவில் இரண்டு பிளைவுட் பலகைகளைக் குதிகால் பக்கம் கீல் வைத்து இணையுங்கள். குதிகாலை ஊன்றியபடியே முன்பாதத்தால் அழுத்தலாம், கால் வலிக்காது.

3. சுவிட்சைக் கீழ்ப்பலகையின் முன்பக்கம் பொருத்தி, இருபுறமும் மரக்கட்டை ஒட்டுங்கள். பட்டன் அழுந்தியதும் மேற்பலகை கட்டையில் உட்கார வேண்டும். பாரம் கட்டைக்குப் போவதால் சுவிட்ச் உடையாது.

4. பலகைகளுக்கு நடுவே சுருள்வில் வையுங்கள். கால் சும்மா பட்டாலே ரேடியோ அனுப்பத் தொடங்காது.

5. ஷீல்டு கேபிளின் நடுக்கம்பியைப் பிடிடி முனைக்கும், வலையை கிரவுண்டுக்கும் கொடுங்கள். ஆன்டெனாவின் அலை கேபிளில் ஏறுவது குறையும்.

6. சுவிட்ச் முனைகளுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் பற்றவையுங்கள். மீறி வரும் அலையை அது கிரவுண்டுக்குத் திருப்பும்.

7. அடியில் ரப்பர் ஒட்டுங்கள். மிதிக்க மிதிக்க நகராது.

8. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை இந்தச் சுவிட்சுடன் நேரடியாக இணைக்காதீர்கள். நடுவே ரிலே போடுங்கள். ஹீத்கிட் எஸ்பி-200 போன்றவற்றின் ரிலே லைனில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

9. மல்டிமீட்டரில் சோதித்து, முதல் முறை டம்மி லோடில் அனுப்புங்கள். கோளாறு இருந்தால் அலைவரிசையில் யாருக்கும் இடைஞ்சல் வராது.