எது முந்தி, எது பிந்தி

அன்பு மகளுக்கு,

மெயின்ஃபிரேம் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று அண்ணன் போனில் சொன்னார். மகிழ்ச்சி. ஆனால் “கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை” என்று நீ சலித்துக்கொண்டாயாம். அந்த வேலையில் பல வருடம் கழித்தவன் என்பதால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐபிஎம்மின் பேரலல் சிஸ்பிளெக்ஸில் 32 சிஸ்டம்கள் வரை ஒரே தரவைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள். இருப்பு 5,000 ரூபாய். ஒரு சிஸ்டம் 3,000 வரவு வைத்து, இருப்பை 8,000 என்று எழுதுகிறது. அடுத்த கணமே இன்னொன்று 2,000 பற்று வைத்து 6,000 என்று எழுதுகிறது. இரண்டும் தத்தம் லாகில், தத்தம் கடிகாரத்தின் நேர முத்திரையோடு பதிகின்றன. நாளை டிஸ்க் பழுதானால், டிபி2 என்ற தரவுத்தள மென்பொருள் அந்த லாகுகளை நேர வரிசைப்படி கோத்துத்தான் தரவை மீட்கும். இரண்டாவது சிஸ்டத்தின் கடிகாரம் சில மில்லிசெகண்ட் பின்தங்கியிருந்தால் 6,000 முன்னால் போய், 8,000 பின்னால் வந்துவிடும். எடுத்துச் செலவழித்த பணம் கணக்கில் மறுபடி முளைத்து நிற்கும். நீ காவல் காப்பது இந்த வரிசையைத்தான். ஊர் மணியோடு பொருந்துவதும் வேண்டும். ஆனால் மெஷின்கள் தங்களுக்குள் பொருந்துவதுதான் உயிர்.

எங்கள் காலத்தில் இதற்கு 9037 சிஸ்பிளெக்ஸ் டைமர் என்று தனிப் பெட்டி இருந்தது. ஒன்று போனாலும் வேலை நடக்க, இரண்டாக வைத்திருப்போம். 2007இல் எஸ்டிபி (சர்வர் டைம் புரோட்டோகால்) வந்த பிறகு மெஷின்களே கப்ளிங் லிங்க் வழியாக நேரத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டர் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 5 மைக்ரோசெகண்ட் ஆகும். 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மையத்துக்கு நேரம் போய்ச் சேர்வதற்குள் 50 மைக்ரோசெகண்ட் கடந்துவிடும். அதனால் போய்வரும் நேரத்தை அளந்து, வழியில் போனதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது எஸ்டிபி.

எஸ்டிபி பிழையைத் திருத்தும் விதத்தைக் கவனி. கடிகாரம் முந்திவிட்டால், அதைப் பிடித்துப் பின்னால் தள்ளுவதில்லை. அப்படிச் செய்தால் ஒரே நேரம் இரண்டு முறை வந்துவிடும். ஓட்டத்தைச் சற்றே மெதுவாக்குகிறது. ஒரு செகண்டைச் சரிசெய்யவே கிட்டத்தட்ட 7 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உன் பதிவேட்டையும் அப்படியே நடத்து. தவறாக எழுதியதை அழித்து முன்தேதி போடாதே. தவறு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், திருத்தத்தை இன்றைய நேரத்தோடு எழுது.

ஒரு இரவை மறக்க முடியாது. ஒரு தரவு மையத்தில் இழை மாற்றும் வேலை. இரண்டு லிங்கில் ஒன்றை முறைப்படி நிறுத்திவிட்டு, லேபிளைச் சரிபார்க்காமல் மற்றதைக் கழற்றிவிட்டேன். கன்சோலில் ஐஇஏ394ஏ என்று செய்தி வந்தது: நேரம் தரும் மூலத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. பதில் சொல்லும் வரை சிஸ்டம் அசையவில்லை. “அதன் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, வேலையைத் தொடர்ந்தால் என்ன?” என்று பதறினேன். பக்கத்திலிருந்த மூத்தவர் சொன்னார்: “தம்பி, நேரம் சரிதானா என்று அதற்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாமல் எழுதுவதைவிட நிற்பது மேல்.” இழையை மறுபடி செருகி, ‘ரீட்ரை’ என்று பதில் கொடுத்தோம். ஒரு கணக்கும் பிசகவில்லை.

உனக்கும் அப்படி ஓர் இரவு வரும். சீக்கிரம், சீக்கிரம் என்று நாலு பேர் பின்னால் நிற்பார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி நில். லேபிளைப் படி, பிறகு கை வை.

திங்கட்கிழமை ஷிஃப்டில் உட்கார்ந்ததும் கன்சோலில் நேர நிலையைக் காட்டும் ‘டி ஈடிஆர்’ கமாண்டைக் கொடுத்து, வரும் பதிலை வரி வரியாகப் படித்துப் பார். புரியாத வரியைக் குறித்து வை. ஞாயிறு அன்று போன் செய், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா