ஆசிரியையின் பழைய காகிதங்கள்



சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற எங்கள் தமிழாசிரியைக்கு வாழ்த்துரை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பதிவேடுகளைப் பார்த்ததில் அவர் பணியில் சேர்ந்த தேதியும், எடுத்த வகுப்புகளும் தெரிந்தன. ஆனால் ஆண்டு விழாக்களுக்காக அவர் எழுதித் தந்த நாடகங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவரிடமே கேட்டேன். "வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன் அம்மா! அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படிப்பட்ட காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்கும் இடத்திற்கு ஆவணக் காப்பகம் என்று பெயர். நூலகத்தில் இருப்பவை அச்சிட்ட நூல்கள். ஒரு நூலின் பிரதி தொலைந்தால் வேறு பிரதி வாங்கலாம். காப்பகத்தில் இருப்பவையோ கடிதம், நாட்குறிப்பு, பாடக் குறிப்பு, புகைப்படம் போன்றவை. பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது போனால் போனதுதான்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாசர் கல்லூரியைச் சொல்லலாம். கலைகளையும் அறிவியலையும் ஒருசேரக் கற்பிக்கும் அக்கல்லூரி 1861-இல் நிறுவப்பட்டு, 1865-இல் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. 1969 முதல் ஆண்களும் அங்கே பயில்கின்றனர். அங்கு முதல் வானியல் பேராசிரியையாக இருந்தவர் மரியா மிட்செல். 1818-இல் நான்டுக்கெட் தீவில் பிறந்த இவர், 1847 அக்டோபர் 1-ஆம் நாள் இரவு தொலைநோக்கி வழியாக ஒரு புதிய வால்மீனைக் கண்டார். அதற்காக டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் பெற்றார்.

இவை பாடப் புத்தகத்திலும் இருக்கக்கூடிய செய்திகள். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அக்கல்லூரியின் காப்பகத்தில் உள்ள அவருடைய நாட்குறிப்புகள், கடிதங்கள் போன்ற காகிதங்களே நமக்குக் கூறுகின்றன. கல்லூரியின் வான்நோக்கு நிலையமே அவருக்கு வீடு. முதுமையடைந்த தந்தையும் அவருடன் அங்கேயே தங்கினார். மாணவியரை அழைத்துக்கொண்டு 1869-இல் அயோவாவுக்கும், 1878-இல் டென்வருக்கும் முழுச் சூரிய கிரகணம் காணச் சென்றார். வான்நோக்கு நிலையத்தின் கூண்டுக் கூரையின் கீழ் அவர்களுக்கு விருந்து வைத்து, அவர்களைப் பற்றி வேடிக்கைப் பாட்டும் எழுதினார். மதிப்பெண் போடுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. (இதைச் சொல்லி நம் ஆசிரியைகளிடம் சலுகை கேட்டுவிடாதீர்கள்!)

1858-இல் ரோமாபுரியில், புகழ்பெற்ற வானியலறிஞரான இயேசு சபைக் குரு ஏஞ்சலோ செக்கி நடத்திய வான்நோக்கு நிலையத்தைக் காண விரும்பினார். அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை. காத்திருந்து தனி அனுமதி பெற்று நுழைந்தார். ஆனால் இருட்டுவதற்குள் வெளியேற வேண்டியிருந்தது. விண்மீன் பார்க்கப் போனவரை விண்மீன் தோன்றும் முன்பே அனுப்பிவிட்டார்கள்! அந்த ஏமாற்றம் அவர் குறிப்பில் இருப்பதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் அக்காலத்து ஆவணங்கள் காட்டுகின்றன. அவருக்கு ஆண்டுச் சம்பளம் 800 டாலர். ஆண் பேராசிரியர்களுக்கோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவரும், கல்லூரி மருத்துவராகவும் பேராசிரியையாகவும் இருந்த அலைடா ஏவரியும் இது முறையன்று என்று நிர்வாகத்திடம் துணிந்து கேட்டனர். சம்பளம் உயர்ந்தது. அந்தக் காகிதங்கள் அழிந்திருந்தால் அந்த அநீதியும் மறைந்திருக்கும். அந்தத் துணிவும் மறைந்திருக்கும்.

இத்தனை கிடைத்தும் ஒரு குறை உண்டு. 1846-இல் நான்டுக்கெட் நகரில் பெரும் தீ விபத்து நேர்ந்தது. அப்போது மக்களின் அந்தரங்கக் கடிதங்கள் தெருவெங்கும் பறந்தனவாம். அதைக் கண்ட மரியா, தம்முடைய பழைய தனிக் காகிதங்களைத் தாமே எரித்துவிட்டார் என்று கூறப்படுகிறது. ஆகவே வால்மீன் கண்டதற்கு முந்திய இளம் மரியாவை நாம் அதிகம் அறிய முடியவில்லை. அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பிறர் பார்க்கக் கூடாதவை எல்லோரிடமும் உண்டு அல்லவா? அதனால்தான் நல்ல காப்பகங்கள் உரியவரின் சம்மதம் பெற்று, சில கடிதங்களைக் குறிப்பிட்ட காலம் வரை யாருக்கும் காட்டாமல் வைக்கின்றன.

பாதுகாக்கும் முறையும் எளியதே. அமிலமில்லாத தாளுறையிலும் அட்டைப் பெட்டியிலும் இட்டு, ஈரமும் வெயிலும் படாமல் வைக்கிறார்கள். உரியவர் அடுக்கி வைத்த வரிசையைக் கலைப்பதில்லை. எந்தப் பெட்டியில் என்ன உள்ளது என்று பட்டியல் எழுதுகிறார்கள். படிக்க வருவோர் பேனாவைத் தொடக்கூடாது, பென்சில் மட்டுமே.

இவ்வளவும் அறிந்தபின் நான் மறுபடியும் எங்கள் ஆசிரியையின் வீட்டிற்குச் சென்றேன். அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இரண்டு நாடகங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது நாடகத்தின் பாதியில் அவருக்கு நினைவு வரவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அதில் நடித்த அக்காமார் யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து வந்து நிரப்பித் தாருங்கள். நோட்டு நம் நூலக அலமாரியில் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி